தங்கநுரையைத் தலைமுழுகிய சனிக்கிழமை

“அந்தக் கடையத் தலைமுழுகிட்டேனுங்க அம்மிணி. இன்னிக்குக் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணப் போறேன். நீங்க சாட்சியா நிக்கோணும்.”

மாவு மில்லுக்குள் கால் வைத்ததும் துளசிமணி சொன்னது இதுதான். ஒரு கையில் ராகி டின். இன்னொரு கையில் கற்பூரப் பொட்டலமும் தீப்பெட்டியும்.

மில்லுக்கார அருக்காணி காதைத் தொட்டுக் காட்டினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

துளசிமணி அதையே கத்திச் சொன்னாள்.

அருக்காணி வரிசையைக் காட்டினாள். ஐந்து டின்கள் நின்றன. துளசிமணி தன்னுடையதை ஆறாவதாக வைத்தாள். சுவரோரம் ஸ்டூல் கிடந்தது. உட்கார மனம் வரவில்லை.

அருக்காணிக்கு நாற்பத்திரண்டு வயது. துளசிமணியைவிடப் பத்து வயது சின்னவள். காவி கட்டியதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்ததில்லை. பதினைந்து வருஷமாகச் சூலூரில் இந்தச் சந்துக்குள் மாவு அரைக்கிறாள், அவ்வளவுதான்.

மோட்டார் ஓடும்போது பேச முடியாது. ஒரு டின் முடிந்து அடுத்த டின்னைக் கவிழ்க்கிற இடைவெளியில்தான் பேசலாம். அந்த இடைவெளிக்குள் சொல்லி முடிக்கிற அளவுக்கு மட்டுமே பேசி அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே, அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு படி கோதுமையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

துளசிமணி எட்டு வருஷமாக வருகிறாள். வீட்டில் எது நடந்தாலும் இங்கே கேட்காமல் செய்யமாட்டாள். சொன்னது புரியாவிட்டால் மறுநாள் இன்னொரு படி கொண்டு வருவாள்.

மோட்டார் நின்றது.

“எந்தக் கடை?”

“தங்கநுரைங்க. காபிக் கடை. பித்தளை டபரா படம் போட்டு ஊரு பூராக் கிளை வெச்சிருக்கறானே, அவன்தான்.”

“காபி நல்லால்லையா?”

“நல்லால்லையாவா!”

மோட்டார் ஓடத் தொடங்கியது. துளசிமணி வாயை மூடிக்கொண்டாள். ஐந்து சனிக்கிழமைகள் தொண்டையில் வந்து நின்றன.

அவள் காபிக்கு ஆசைப்பட்டுத் தங்கநுரைக்குப் போனவள் அல்ல.

மகள் மோகனா, இளவரசைத் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இளவரசு வீட்டார் வேறு சாதி. துளசிமணியின் வீட்டுக்காரர் ரங்கசாமி, மகளின் பெயரையே வீட்டில் சொல்லவிடவில்லை. மூன்று மாசத்துக்கு முன்னால், துளசிமணி சோறு இறங்காமல் மூன்று நாள் கிடந்த பிறகு ஒரு வழி விட்டார்.

“பாக்கறதுன்னா எங்காச்சும் பொதுவுல பாத்துட்டு வா. அவுங்க வூட்டுல கை நனைச்சேன்னு தெரிஞ்சுது, அப்பிடியே அங்கயே இருந்துக்க.”

கை நனைக்க ஒரு வாய்ச் சோறுகூட வேண்டாம். ஒரு மடக்குத் தண்ணீர் போதும். உறவு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

கோயிலில் பார்க்கலாம் என்றால் சொந்தக்காரர்கள் கண்ணில் படும். அதனால் தங்கநுரை. அது யார் வீடும் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணி.

மோட்டார் நின்றது.

“மொத தடவ சக்கரை இல்லாம ரெண்டு கேட்டேனுங்க. பாயசத்தக் கொண்டாந்து வெக்கறான். இது என்னப்பான்னா, எல்லாருக்கும் இதானுங்கறான். எனக்குச் சக்கரை வியாதி இருக்குதுங்கறேன், அதுக்கு நான் என்ன பண்றதுங்கறான்!”

“மோகனா என்ன பண்ணுனா?”

“அவ என்ன பண்ணுவா, பாத்துட்டு உக்காந்திருந்தா.”

அடுத்த டின் கவிழ்ந்தது.

வரிசையில் கடைசியாக ஒரு மிளகாய் டின் வந்து சேர்ந்தது. சென்னியப்பன். ரங்கசாமியோடு சீட்டாடுகிறவர். மிளகாய்க்கு வேறு மெஷின். எல்லாம் அரைத்து முடித்த பிறகுதான் அதை ஓட்டுவாள். அது தெரிந்தும் அவர் முன்னாலேயே வந்துவிடுவார். கதை கேட்க.

“என்ன துளசி, கையில கற்பூரம்? மில்லுக்குப் பூசையா?”

“ஒண்ணுமில்லைங்கண்ணா. ஒரு காபிக் கடை சமாச்சாரம்.”

“காபிக் கடைக்குக் கற்பூரமா!” சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். “உன்ர ஊட்டுக்காரன்கிட்டச் சொல்றேன் இரு. இஞ்சி டீயக் குடிச்சுப்போட்டுக் கம்முனு போறத உட்டுட்டு…”

“நீங்க உங்க மொளகாயப் பாருங்கண்ணா.”

மோட்டார் நின்றதும் துளசிமணி அருக்காணியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். குரலைத் தணித்தாள்.

“ரெண்டாந்தடவ டோக்கன் குடுத்தான். அறுபத்தி நாலு. அறுபத்தஞ்சக் கூப்புடறான், அறுபத்தாறக் கூப்புடறான். எழுவது வரைக்கும் வந்துட்டான். நான் என்ன செத்தா போயிட்டேன்? எந்திரிச்சுப் போயி நல்லாக் கேட்டுட்டேன்.”

“மோகனா?”

“உக்காந்திருந்தா. பையத் தொறந்துட்டு இருந்தா.”

பை என்று சொன்னதும் துளசிமணியின் கை, பக்கத்திலிருந்த யாருடைய டின் மூடியையோ திறந்து மூடியது.

அருக்காணி அந்தக் கையைப் பார்த்தாள். கோதுமையைக் கொட்டினாள்.

மணி பத்து ஐம்பது. துளசிமணி செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் இடுப்பில் செருகினாள்.

“இன்னிக்கு சனிக்கெழமைதானே?” அருக்காணி கேட்டது அடுத்த இடைவெளியில்.

“ஆமாங்க.”

“போகலையா?”

“போகலைங்க. இனிப் போறதில்லைன்னுதானே வந்திருக்கறேன்.”

“மோகனா வந்திருப்பாளே.”

துளசிமணி இடுப்பில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“திங்கக்கெழம ஓசூருக்குக் குடி போறாங்க. மாப்…” நிறுத்திக்கொண்டாள். “அந்தப் பையனுக்கு அங்க வேலை மாத்திட்டாங்களாம். நேத்து போன் பண்ணுனா. வேற எடம் பாரு கண்ணு, அந்தக் கடைக்கு நான் வரமாட்டேன்னேன். வேற எடம்னா எங்க வூடுதாம்மா இருக்குதுங்கறா. நான் வெச்சுட்டேன்.”

“அப்ப இன்னிக்குப் பாக்கலைன்னா?”

மோட்டாரை அருக்காணி போடவில்லை. பதிலுக்காக நின்றாள். அவள் அப்படி நின்று துளசிமணி பார்த்ததில்லை.

“கடை அப்பிடி இருந்தா நான் என்னங்க பண்றது?” துளசிமணிக்குக் குரல் கீச்சென்று வந்தது. “கிளையும் மாத்திப் பாத்தேன். சிங்காநல்லூர்க் கிளைக்குப் போனா, மேசை மேல எவனோ கடிச்சு வெச்ச பப்ஸ் அப்பிடியே கெடக்குது. என்ர முந்தானைல தொடைச்சேன். அதுக்கு அடுத்த தடவ மெஷின் ரிப்பேருன்னு ஒண்ணு குடுத்தான். டீன்னா டீயில்ல, காபின்னா காபியில்ல. ஒவ்வொரு தடவையும் இனி வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிச்சு வர்றேன். வாயில சொன்னது நிக்கலைங்க. அதுக்குத்தான் கற்பூரம்.”

“கடைசித் தடவ?”

துளசிமணி திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“அதுலதான் சண்டை முத்திப் போச்சு. கவுன்ட்டர்ல நிக்கற பொண்ணு வந்தா. ‘அக்கா, வெளிய இருந்து கொண்டாந்ததை இங்க குடிக்கக் கூடாது, பைய மூடுங்க’ன்னு மோகனாவச் சொல்றா. எனக்கு வந்துதே ஒரு கோவம்! என்ர மக பையில என்னமோ வெச்சிருக்கறா, உனக்கென்னடி வந்துதுன்னு கேட்டுட்டேன். மேனேஜர் வந்துட்டான். கடையே வேடிக்க பாக்குது. அஞ்சு தடவ சேர்த்து வெச்சிருந்தது பூராத்தையும் கொட்டிட்டேன்.”

“மோகனா?”

“அழுதுட்டே ஜிப்ப மூடிட்டு வெளிய போயிட்டா.”

“பையில என்ன இருந்துது?”

“தெரியாதுங்க.”

பதில் அவ்வளவு சீக்கிரம் வந்ததில் துளசிமணிக்கே காது சுட்டது.

அருக்காணி மோட்டாரைப் போட்டாள். அது பெரிய டின். துணிக்குழாய் வழியாக மாவு இறங்கிக்கொண்டே இருந்தது. முடிகிற வழியாகத் தெரியவில்லை. அருக்காணியின் புருவம், இமை எல்லாம் வெள்ளை. அவள் மாவைத் தொட்டுப் பதம் பார்த்தாள். துளசிமணியின் பக்கம் திரும்பவே இல்லை.

இடுப்பில் போன் அதிர்ந்தது. துளசிமணி எடுத்துப் பார்த்தாள். மோகனா. மணி பதினொன்று ஐந்து.

பேசாமல் மறுபடியும் இடுப்பில் செருகினாள். அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நின்ற பிறகும் இடுப்பில் அதிர்வது போலவே இருந்தது.

அவள் அருக்காணியின் காதருகே போனாள். மோட்டார் சத்தத்துக்குள், தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

“பிளாஸ்க்குங்க.”

அருக்காணி மோட்டாரை நிறுத்தினாள். டின்னில் பாதி இன்னும் மீதி இருந்தது.

“பிளாஸ்க்குல?”

“காபி. அவ மாமியா போட்டது.” துளசிமணி தரையைப் பார்த்துச் சொன்னாள். “மொத தடவ சக்கரை போட்டுட்டான்னு நான் கத்துனேனில்ல. அதப் போயி வூட்டுல சொல்லியிருக்கறா. அடுத்த தடவ வரும்போதே பையோட வந்தா. ‘அத்தை குடுத்து விட்டாங்கம்மா, சக்கரை போடல’ன்னு சொன்னா.”

“குடிச்சீங்களா?”

“எப்பிடிங்க குடிக்கறது? அவுங்க வூட்டுது.”

“தங்கநுரைக் காபி யாரு வூட்டுது?”

“அது கடைங்க. யாரு கையின்னு நமக்குத் தெரியாது.”

“தெரியாட்டிப் பரவாயில்லைங்களா?”

துளசிமணி வாயைத் திறந்தாள். மோட்டார் ஓடத் தொடங்கியது.

மீதிப் பாதியும் அரைபட்டு முடிந்தது. அடுத்தது அவளுடைய ராகி.

எப்போதும் ஒரு வழக்கம் உண்டு. துளசிமணியின் ராகியில் ஒரு கை அள்ளிப்போட்டு அருக்காணி முதலில் ஓட்டுவாள். கல்லில் ஒட்டியிருக்கிற முன்னவர் மாவு அதோடு வந்துவிடும். அதை ஒதுக்கிக் கொட்டிவிட்டுத்தான் பிறகு முழு டின்னையும் போடவேண்டும். எட்டு வருஷத்தில் ஒருநாளும் துளசிமணி இதை விட்டுக்கொடுத்ததில்லை.

இன்று அருக்காணி டின்னைத் தூக்கி ஒரேயடியாகக் கவிழ்க்கப் போனாள்.

“அம்மிணி! ஒரு கை போட்டு ஓட்டீருங்க. முன்னால யாருதோ அரைச்சீங்க.”

“யாருது?”

“தெரியலைங்களே.”

அருக்காணி டின்னைக் கவிழ்த்தாள்.

துளசிமணி நீட்டிய கை அப்படியே நின்றது. யாருடையதென்று தெரியாத கோதுமை மாவு, வெள்ளையாக முன்னால் விழுந்தது. அதன்மேல் அவளுடைய ராகி சாம்பல் நிறத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எது எது என்று தெரியவில்லை. மோட்டார் நின்றது.

“என்ன துளசி, மூஞ்சி இப்பிடிப் போச்சு?” சென்னியப்பன் எழுந்து வந்தார். “மில்லுக்காரியும் சக்கரை போட்டுட்டாளா?”

துளசிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. டின்னை மூடினாள். மூடியைத் திரும்ப எடுத்தாள். அதன்மேல் கற்பூரக் கட்டி ஒன்றை வைத்தாள்.

“நேரமாச்சுங்க. சத்தியத்த முடிச்சுட்டுப் போயிடறேன். ஒரு முடிவு தெரிஞ்சாத்தான் எனக்கு நெஞ்சுல இருக்கறது இறங்கும்.”

“உள்ள நெருப்பு ஆகாது. மாவு பறக்குது. வெளிய வாங்க.”

வெளியே வெயில். சந்து முனையில் சிங்காநல்லூர் பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு உறுமியது. மில் படியில் துளசிமணி மூடியை வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல் தீக்குச்சி காற்றில் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதை அருக்காணி வாங்கி, மாவு படிந்த இரண்டு உள்ளங்கைக்குள் மறைத்துப் பற்றவைத்தாள்.

கற்பூரம் பிடித்துக்கொண்டது.

“எத விடறீங்கன்னு சொல்லுங்க. சொல்லிட்டுத் தட்டுங்க.”

துளசிமணி வலது கையை ஓங்கினாள். தட்டி அணைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு புருஷன் சொன்னாலும் மகள் அழுதாலும் மீற முடியாது. தப்பு தன்மேல் இல்லை என்றும் ஆகிவிடும். கடை சரியில்லை. ஊருக்கே தெரியும், அந்தக் கடை சரியில்லை.

“தங்கநுரைல இனி நான்…”

போன் அதிர்ந்தது.

“…இனி நான் கால் வெக்க மாட்டேன். அங்க இருக்கற…”

“அங்க சண்டை எப்ப ஆரம்பிக்கும்?” அருக்காணி கேட்டாள்.

“காபி சரியில்லாதப்ப.”

“காபி வந்த பொறவா?”

“பொறவுதா…”

முதல் தடவை ஆமாம். காபி வந்த பிறகுதான்.

இரண்டாம் தடவை? டோக்கன் அறுபத்தைந்தைக் கூப்பிட்டபோது அவள் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். எழுபதைக் கூப்பிட்டபோதுகூட. எழுந்தது அதற்கும் பிறகு. மோகனா பையின் ஜிப்பை இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். அப்போது எழுந்தாள்.

மூன்றாம் தடவை காபியே சொல்லவில்லை. பப்ஸைப் பார்த்து மோகனாதான் சிரித்தாள். துளசிமணியும் சிரித்தாள். முந்தானையில் மேசையைத் துடைத்து முடித்தாகிவிட்டது. பிறகு அந்தச் சத்தம். அவள் கவுன்ட்டரைப் பார்த்துக் கத்தினாள்.

நான்காம் தடவை மெஷின் ரிப்பேர். அதற்குமுன் அந்தச் சத்தம்.

ஓங்கிய கை நெருப்புக்கு மேலே நின்றது. உள்ளங்கை சுட்டது. எடுக்கவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை.

போன் நின்றது.

“அணையப் போகுதுங்க” என்றாள் அருக்காணி. “தட்டறதுன்னா இப்பத் தட்டீருங்க.”

“தட்டும்மா, தட்டு!” வாசலில் சென்னியப்பன். “காபிக் கடைக்காரன் நடுங்கட்டும்!”

கற்பூரம் ஒரு பொட்டாகச் சுருங்கியது. நீலமாக ஒருதரம் நிமிர்ந்தது. தானாகவே போயிற்று. மூடியில் ஒரு கருப்பு வட்டம் இருந்தது.

மறுபடியும் போன் அதிர்ந்தது.

இந்தத் தடவை துளசிமணி எடுத்தாள்.

“அம்மா.” மோகனாவின் பின்னால் வண்டிச் சத்தம். “நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் வந்தேன். சிங்காநல்லூர்க் கடையில கரன்ட் இல்லையாம், ஜெனரேட்டரும் ஓடலையாம். யாருக்கும் ஒண்ணும் கெடையாதுன்னுட்டாங்க. வெளிய படிக்கட்டுல நிக்கறேன். அரை மணி நேரம் பாத்துட்டுப் போயிடறேன். அதச் சொல்லலாம்னுதான்…”

துளசிமணி நிமிர்ந்தாள். வாசலில் சென்னியப்பன் நின்றிருந்தார். இன்று மாலை சீட்டு மேசையில் ரங்கசாமிக்கு எதிரே உட்காரப் போகிறவர். பொடி போட்ட மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்து முனையில் கண்டக்டர் விசில் கொடுத்தார்.

துளசிமணி அருக்காணியைப் பார்த்தாள். அருக்காணி ராகி டின்னைத் தூக்கி மில்லுக்குள் ஓரமாக வைத்தாள். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது போல.

துளசிமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். குரலைத் தணிக்கவில்லை.

“கண்ணு, பை கொண்டாந்திருக்கறயா?”

அந்தப் பக்கம் வண்டிச் சத்தத்துக்குள் ஜிப் சர்ரென்றது.

“ம்.”

“அதுல டம்ளர் எத்தன இருக்குது?”

“ரெண்டும்மா” என்றாள் மோகனா. “அத்தை எப்பவுமே ரெண்டுதான் வெச்சு விடறாங்க.”